இடக்கண் நாக்கு மீன்

ஜூலை 4, வெள்ளி

மக்களே, உலகத்தில் இதுவரை ஒருத்தர் கண்ணிலும் படாத ஒரு மீனை, அதுவும் நம்ம தூத்துக்குடியிலேயே, ஒரு அரசு அலுவலகத்து அலமாரிக்குள் இருந்து நான் கண்டுபிடித்துவிட்டேன்!!!

இந்தச் செய்தியை இன்னும் என் இணையப் பக்கத்தில் போடவில்லை. போடுவதற்கு முன்னால் இங்கே எழுதிப் பார்க்கிறேன். நாளைக்கு யாராவது பேட்டி எடுத்தால் தேதி எல்லாம் சரியாக இருக்க வேண்டும் அல்லவா, அதனால் வரிசையாக.

புதன்கிழமை ரீகன் அண்ணனுடைய மீனவர் அடையாள அட்டையைப் புதுப்பிக்கப் போனேன். (அலுவலகத்தின் பெயரை எழுதமாட்டேன்.) மாடியில் தண்ணீர் தொட்டி கசிந்து ஆவண அறைக்குள் ஈரம் இறங்கியிருந்தது. நடைபாதை முழுக்க ஒரு அக்கா தாள்களைப் பரப்பி, மூலைக்கு ஒரு கல் வைத்து, மின்விசிறியில் காயவிட்டுக்கொண்டிருந்தார். எல்லாம் மீன். கையால் வரைந்த மீன். கிளிமீன், வண்ணாத்தி, களவா, சீலா. ஒவ்வொரு செதிலுக்கும் தனிக் கோடு. களவாவின் முதுகுத் துடுப்பில் முள்ளை எண்ணினேன், பதினொன்று. சரியாகப் பதினொன்று! ஒரு முள் கூடக்குறைய வரைந்தால் அது வேறு மீனாகிவிடும். இதை யூடியூபில் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன், காலேஜில் படித்தது பி.காம்.

மூன்று வருடமாகப் பழைய மீன் ஓவியங்களுக்காகவே ஒரு பக்கம் நடத்துகிறேன். வெளிநாட்டு நூலகங்களில் இருந்து எடுத்துப் போடுவேன். ஃபாலோயர் 611 பேர். நான் அட்டைக்கு வரிசையில் நிற்கிற இடத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு ஓவியம் ஈரத்தில் கிடக்கிறது!

"ஏட்டி, மிதிச்சிராத. அங்ஙன போய் நில்லு" என்றார் அந்த அக்கா. பெயர் இசக்கியம்மாள்.

"அக்கா, இது யாரு வரைஞ்சது?"

"யாருக்குத் தெரியும்? நா வந்து பதினோரு வருசமாச்சு, ஒனக்கு முன்னாடி இத குனிஞ்சு பாத்தது கரையான் மட்டுந்தான்."

பதினைந்து நிமிடம் விட்டார். ஒன்பது படம் எடுத்தேன். அப்புறம் அக்கா ஏதேதோ சொன்னார், நான் தலையாட்டினேன்.

நேற்றுச் சாயங்காலம் ஒன்பதையும் பக்கத்தில் போட்டேன். மூன்றுக்கு மூன்று கட்டத்தில், எல்லாத் தலையும் இடப்பக்கம், அறிவியல் ஓவியத்தில் எப்போதும் அப்படித்தான். இன்று காலை எழுந்து பார்த்தால் 'வஞ்சிரம் வாத்தியார்' என்ற ஒருவர் ஏழாவது படத்தின் கீழே எழுதியிருக்கிறார்:

"இந்த வரி நாக்கு மீனுக்குக் கண் இடப்பக்கம் இருக்கிறதே! எப்படி?"

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. நாக்கு மீன் தட்டையாக மணலோடு ஒட்டிக் கிடக்கும், இரண்டு கண்ணும் ஒரே பக்கத்துக்கு வந்துவிடும். ஒரு கூட்டத்துக்கு இடப்பக்கம், ஒரு கூட்டத்துக்கு வலப்பக்கம். வரிக்குதிரை மாதிரி கோடு போட்டவை எல்லாம் வலக்கண் கூட்டம். புத்தகம் எல்லாம் அப்படித்தான் சொல்கிறது. என் படத்தில் இடக்கண்!

புது மீன். இல்லையென்றால் அழிந்துபோன மீன். எப்படிப் பார்த்தாலும் நான்தான்.

ஜூலை 5, சனி

போட்டுவிட்டேன். மதியத்துக்குள் ஃபாலோயர் ஒன்பதாயிரம். போன் கொதிக்கிறது, தொட்டால் சுடுகிறது. அம்மா அதை வாங்கி அரிசிப் பானை மூடிமேல் வைத்துவிட்டு, "ஆறட்டும், நீயும் ஆறு" என்கிறார்.

வஞ்சிரம் வாத்தியார் மட்டும் நச்சரிப்பு. "மூலப் படத்தை முழுதாகப் போட முடியுமா? ஓரத்தை வெட்டியிருக்கிறீர்கள் போலத் தெரிகிறது." ஓரத்தில் பென்சில் கிறுக்கல்தான் இருந்தது, அழகைக் கெடுத்தது, வெட்டினேன். இதற்கெல்லாம் விளக்கம் கொடுத்துக்கொண்டிருந்தால் எப்படி? கொண்டாடத் தெரியாத மனுஷன்.

ஜூலை 6, ஞாயிறு

மாதா கோயிலில் பூசை. கடலுக்கு யாரும் போகவில்லை, அதனால் மீனும் இல்லை. நாளைக்குத் தேடுவேன். உயிரோடு ஒன்று கிடைத்துவிட்டால் முடிந்தது கதை. ஃபாலோயர் 14,200.

ஜூலை 7, திங்கள்

காலை வள்ளங்கள் கரைக்கு வரும்போது போய் நின்றேன். நாற்பத்து மூன்று வரி நாக்கு மீனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நாற்பத்து மூன்றும் வலக்கண். கையெல்லாம் கொழகொழ.

ரீகன் அண்ணனும் அவன் கூட்டாளிகளும் சுற்றி நின்று வேடிக்கை.

"என்னட்டி தேடுத?"

"இடப்பக்கம் கண்ணு வச்ச மீனு."

"வலப்பக்கம் கண்ணு வச்சதயே வெலைக்கு வாங்க ஆளக் காணோம். இவ இடப்பக்கம் கேக்கா!"

"அண்ணே, நீ இருபது வருசமா கடலுக்குப் போற. ஒண்ணு கூட பாத்ததில்லியா?"

"ஏ புள்ள, அந்த மீனு ஒன் போன்ல மட்டுந்தான் இருக்கும். அங்ஙனயே வல போடு."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பக்கத்தில் பதினாறாயிரம் பேர் நம்புகிறார்கள், கூடப் பிறந்தவன் நம்ப மாட்டேன் என்கிறான்.

ஜூலை 8, செவ்வாய்

ஒரு நாளிதழில் இருந்து பேசினார்கள். 'அரசு அலமாரியில் அதிசய மீன்: இளம்பெண் கண்டுபிடிப்பு' என்று நாளைக்கு வருமாம். அலுவலகம் எது என்று அவர்களே கண்டுபிடித்துவிட்டார்கள், நான் சொல்லவில்லை. அதாவது, "கடற்கரைச் சாலையில் இருக்கிறதே, அதுவா?" என்று கேட்டார்கள், நான் ஒன்றும் சொல்லவில்லை. சிரித்தேன்.

அட்டைக்காக என் எண்ணை வாங்கி வைத்திருந்த இசக்கியம்மாள் அக்கா மூன்று தடவை அழைத்தார். பேட்டியில் இருந்தேன், எடுக்க முடியவில்லை.

ஜூலை 9, புதன்

செய்தி வந்துவிட்டது. அம்மா எதிர் வீட்டுக்கு, பக்கத்து வீட்டுக்கு, மாதா கெபிப் பக்கம் பூக்கட்டும் சித்திக்கு என்று எல்லோருக்கும் காட்டிவிட்டு வந்தார்.

காலையில் கரைக்குப் போயிருந்தேன். பெரிய வரி நாக்கு மீன் ஒன்று கிடைத்தது, முழங்கை நீளம், துடிப்பு நிற்கவில்லை. பக்கத்தில் போடலாம் என்று அதைத் தூக்கிப் பிடித்து செல்ஃபி எடுக்கப் போனேன். திரையைப் பார்த்தால், இடக்கண்! நான் போட்ட கூச்சலில் ரீகன் அண்ணன் வலையை விட்டுவிட்டு ஓடி வந்தான். என் கையில் இருந்த மீனைப் பார்த்தான். திரையைப் பார்த்தான். மறுபடியும் மீனைப் பார்த்தான்.

"கெடச்சிட்டுல்லா? வீட்டுக்குப் போ" என்றான்.

வந்துவிட்டேன். தலைவலி. இன்று போஸ்ட் எதுவும் போடவில்லை.

ஜூலை 10, வியாழன்

கறிவேப்பிலை, தேங்காய், அரை கிலோ சாளை வாங்கி வந்தேன். வேறு ஒன்றும் இல்லை.

ஜூலை 11, வெள்ளி

வஞ்சிரம் வாத்தியார் மறுபடியும்: "தங்கையே, கேள்வி ஒன்றுதான். அலுவலகத்தில் இருக்கும் தாளில் மீனின் தலை எந்தப் பக்கம்?"

"உங்களுக்குப் பொறாமை" என்று பதில் போட்டேன். நானூறு பேர் அதற்கு லைக். அவரைத் திட்டி இருநூறு கமெண்ட். படித்துக்கொண்டே இருந்தேன். எல்லோரும் எனக்காகத்தான் சண்டை போடுகிறார்கள். எதற்காக எனக்கு இவ்வளவு எரிச்சல் வருகிறது?

ஒரு கல்லூரியில் 18ஆம் தேதி என்னைப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். பி.காம் படித்த பெண் கடல் உயிரியல் மாணவர்களுக்குப் பேசப்போகிறாள். துள்ளிக் குதித்திருக்க வேண்டும். போனை வைத்துவிட்டுக் குளியலறையில் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் அக்காவிடம் இருந்து ஒரே வரி: "மெமோ குடுத்துட்டாங்க."

ஜூலை 12, சனி

அலுவலகம் விடுமுறை. ஆனால் அக்காவை வரச் சொல்லியிருந்தார்கள், தாள்களைக் கணக்குப் பார்க்க. வாசல் வேப்பமரத்தடியில் நின்று, வெளியே வந்ததும் பிடித்தேன்.

"எதுக்கு வந்த? போட்டோ எடுக்கவா?"

"அக்கா, மெமோ எதுக்கு?"

"சென்னையில இருந்து அந்த ஏழாவது படத்தக் கேட்டாங்க. பேப்பர்ல வந்துட்டுல்லா, பெரிய ஆபீசருக்குப் பாக்கணுமாம். எங்க ஆபீஸ் ஏ.டி. சாரு எடுத்துப் பாத்தாரு. ஒன் நெட்டுல மீனு அந்தப் பக்கம் பாக்குது, எங்க தாள்ல இந்தப் பக்கம் பாக்குது. அப்ப தாள மாத்திட்டாங்கன்னு அர்த்தமாம். ஒரிஜினல வித்துட்டு காப்பிய வச்சிட்டேனாம்."

"யாரு, நீங்களா?"

"சாவி எங்கிட்டதான இருக்கு? தொட்டி ஒழுகுன அன்னைக்கு நாந்தான எல்லாத்தையும் வெளிய எடுத்தேன்? பதினோரு வருசமா தற்காலிகம். பெர்மனென்ட் ஆக்குத பைல் இப்பதான் நகந்துச்சு. போன மாசம் சென்னைக்குப் போன பைலு அது. திங்கக்கெழம விசாரண."

நான் காலடியில் கிடந்த வேப்பம்பழத்தை உருட்டிக்கொண்டிருந்தேன்.

"பெல்சி, ஒண்ணு மட்டும் கேக்கேன். அன்னைக்கு நீ எடுத்தது எந்தப் பக்கம் பாத்துச்சு? ஒனக்கு நெனவிருக்கா?"

"சரியா நெனவில்லக்கா."

அக்கா என்னைப் பார்த்தார். பிறகு புடவை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்தார்.

ஜூலை 13, ஞாயிறு

பூசையில் ஒரு வார்த்தை காதில் ஏறவில்லை.

வந்து அம்மாவோடு இறால் உரித்தேன். கேட்டேன், "யம்மா, ஒரு பொய் சொல்லிட்டு, அது பொய்னு யாருக்குமே தெரியலன்னா?"

"ஒனக்குத் தெரியும்லா" என்றார், தலையை நிமிர்த்தாமல். பிறகு, "தலைய ஒழுங்கா கிள்ளு, பாதிச் சதை அதோட போகுது."

எழுதிவிடுகிறேன். இந்த நோட்டில் கூட எழுதாமல் ஒளித்தது இது.

ஒன்று. அன்றைக்கு அக்கா ஏதேதோ சொன்னார் என்று எழுதியிருக்கிறேன் அல்லவா. ஏதேதோ இல்லை. "படம் எடுத்துக்கோ, வீட்ல வச்சுப் பாத்துக்கோ. நெட்டுல மட்டும் போட்டுறாத, என் வேலைக்கு ஆபத்து" என்றார். நான் "சத்தியமா போடமாட்டேன்க்கா" என்றேன். மறுநாள் சாயங்காலமே போட்டேன்.

இரண்டு. அந்த மீனின் தலை தாளில் வலப்பக்கம்தான் இருந்தது. நான்தான் திருப்பினேன். மற்ற எட்டும் இடப்பக்கம் பார்க்க, இது ஒன்று மட்டும் எதிர்ப்பக்கம் பார்த்துக் கட்டத்தைக் கெடுத்தது. எல்லா மீன் ஓவியமும் இடப்பக்கம் பார்க்க வேண்டும் என்பது விதி, செல்ஃபி மாதிரி இதுவும் திரும்பி விழுந்திருக்கும் என்று நினைத்துப் போனில் ஒரு தட்டுத் தட்டித் திருப்பினேன். வலக்கண் மீனை மட்டும் வலப்பக்கம்தான் வரைய முடியும், இல்லாவிட்டால் கண்ணே தெரியாது என்பது எனக்குத் தெரியாது. திருப்பினால் வலக்கண் இடக்கண் ஆகிவிடும். உலகத்தில் இல்லாத மீன் பிறந்துவிடும். பிறந்தது.

புதன்கிழமை கரையில் செல்ஃபித் திரை வலக்கண் மீனைத் திருப்பி இடக்கண்ணாகக் காட்டியபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு நாலு நாள். ஃபாலோயர் முப்பத்தெட்டாயிரம் ஆகியிருந்தது, அவ்வளவுதான் காரணம். வேறு நல்ல காரணம் எதுவும் தேடிக் கிடைக்கவில்லை.

ஜூலை 14, திங்கள்

பத்தரைக்கு விசாரணை. பத்துக்கே போய் உட்கார்ந்தேன். அக்கா கண்டதும், "ஒன்ன யாரு வரச் சொன்னா?" என்றார்.

"நாந்தான் திருப்புனேன்க்கா. படத்த. போன்ல. மொத நாளே."

அக்கா கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. "சனிக்கெழம வேப்பமரத்தடியில ஒனக்கு இது தெரியுமா?" என்றார்.

"தெரியும்."

அவர் எதிர் வரிசை நாற்காலிக்குப் போய் உட்கார்ந்தார்.

ஏ.டி. சார், அதாவது உதவி இயக்குநர், தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள், நிதானமாகப் பேசுகிறவர். மேஜைமேல் அந்தத் தாள். முழுத் தாளையும் இரண்டாவது முறையாக இப்போதுதான் பார்த்தேன். வலப்பக்கம் பார்க்கும் மீன், மஞ்சள் உடம்பில் கறுப்பு வரி, வால் ஓரத்தில் மட்டும் ஒரு மஞ்சள் பொட்டு. கீழே நான் வெட்டி எறிந்த பென்சில் கிறுக்கல். ஆங்கிலத்தில் சின்னச் சின்ன எழுத்து. சார் அதை எனக்குப் படித்துக் காட்டினார்.

"கண்கள் வலப்பக்கம். உயிருடன் பார்த்து வரைந்தது. அச்சில் திருப்பிவிட வேண்டாம். ப. குருசுமுத்து, 1953."

எழுபது வருடத்துக்கு முன்னால் யாரோ ஒருவர், என்னைப் போல ஒருத்தி வருவாள் என்று தெரிந்து எழுதி வைத்த மாதிரி. அதை அழகைக் கெடுக்கிறது என்று வெட்டினேன். நான் பார்த்த தாள்களில் வரைந்தவர் பெயர் இருந்தது இது ஒன்றில்தான், அதையும் சேர்த்து வெட்டினேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். என் இணையப் பக்கத்தில் இருந்த படத்தைப் போனில் எடுத்து, அவர் கண் முன்னாலேயே மறுபடியும் திருப்பித் தாளின் பக்கத்தில் வைத்தேன். கோட்டுக்குக் கோடு பொருந்தியது.

"எனக்குப் புரியுதும்மா. நான் நம்பறேன்" என்றார். "சென்னை நம்பணுமே. நீ அன்னைக்கு ஒரு பக்கம் திருப்பின, இன்னைக்கு இன்னொரு பக்கம் திருப்பிக் காட்டற. நகல் எடுத்தவனும் கோட்டுக்குக் கோடுதானே எடுப்பான்? நீ கை வைக்கறதுக்கு முன்னாடி எடுத்த படம் இருக்கா? தேதியோட?"

இல்லை. போனில் இடமில்லை என்று அன்றைக்கே மூலப் படங்களை அழித்துவிட்டேன். பேக்கப் எப்போதோ நிரம்பி நின்றுவிட்டது.

"எழுதிக் கொடுத்துட்டுப் போ. ஆனா இவங்க அனுமதிச்சதும், நீ போட்டதும்தான் அதுல இருக்கும். தாள் மாறலைங்கறதுக்கு அது ஆதாரம் இல்லை. வியாழக்கிழமை சாயங்காலம் நான் சென்னைக்குப் பதில் அனுப்பணும்."

"சார், அவங்க பைல்?"

அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா ஜன்னலைப் பார்த்தார்.

வெளியே வந்து படியிறங்கும்போது அக்கா பின்னால் வந்தார். மன்னிப்புக் கேட்கத் திரும்பினேன். "நீ எடுத்தத வேற யாராச்சும் பாத்தாங்களா? திருப்புததுக்கு முன்னாடி?" என்று மட்டும் கேட்டார்.

பார்த்தார்கள்! மறந்தே போனேன். 3ஆம் தேதி சாயங்காலம் முதலில் போட்டது திருப்பாத, வெட்டாத படங்கள். கட்டம் அழகாக இல்லை என்று இருபது நிமிடத்தில் எடுத்துவிட்டுத் திருத்திப் போட்டேன். எடுக்கும்போது 'பார்த்தவர்கள் 38' என்று காட்டியது.

"முப்பத்தெட்டு பேருக்கா."

"அப்ப அவங்களக் கண்டுபிடி" என்றார் அக்கா. "மீனத் தேடுனேல்லா, இப்ப அவங்களத் தேடு."

ஜூலை 14, சாயங்காலம் ஐந்து மணி

இதுவரை எனக்காக எழுதியதை ஒரு எழுத்தும் மாற்றாமல் பக்கத்தில் போடுகிறேன். இடக்கண் நாக்கு மீன் என்று ஒன்று கிடையாது. நான் செய்தது அது. நாளிதழுக்குச் சொல்லிவிட்டேன், 18ஆம் தேதி பேச்சுக்கு வரமாட்டேன் என்று கல்லூரிக்கும் சொல்லிவிட்டேன். வஞ்சிரம் வாத்தியாரிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். அவரைத் திட்டியவர்கள் தயவுசெய்து அந்தக் கமெண்டுகளை எடுத்துவிடுங்கள், அவர் கேட்ட கேள்வி சரி.

என்னைத் திட்ட வேண்டியவர்கள் திட்டலாம், படிப்பேன். பக்கத்தை விட்டுப் போகிறவர்கள் போவதற்கு முன்னால் ஒன்று மட்டும் செய்துவிட்டுப் போங்கள்.

எனக்கு இப்போது வேண்டியது நாற்பத்தோராயிரம் பேர் இல்லை. அறுநூற்றுப் பதினொரு பேராக இருந்தபோது, ஜூலை 3, வியாழக்கிழமை, சாயங்காலம் ஏழு பத்தில் இருந்து ஏழரைக்குள் என் பக்கத்தைப் பார்த்த முப்பத்தெட்டுப் பேர். ஏழாவது படம். மஞ்சள் மீன், கறுப்பு வரி, கீழே பென்சிலில் ப. குருசுமுத்து. யாராவது ஸ்கிரீன்ஷாட் எடுத்தீர்களா? நண்பருக்கு அனுப்பினீர்களா? அம்மாவிடம் காட்டுவதற்காகச் சேமித்து வைத்தீர்களா? மங்கலாக இருந்தாலும் போதும், தேதி தெரிந்தால் போதும். வியாழக்கிழமை மதியத்துக்குள் எனக்கு அனுப்புங்கள். ஒரு அக்காவின் பதினோரு வருடம் அதில் இருக்கிறது.

மற்றவர்கள் இதைப் பகிருங்கள். பொய்யை எவ்வளவு வேகமாகப் பகிர்ந்தீர்களோ அதே வேகத்தில், அந்த முப்பத்தெட்டுப் பேரில் ஒருவர் கையில் போய்ச் சேரும் வரைக்கும்.

உங்களில் யாரோ ஒருவருடைய போனில் அந்த மீன் இன்னும் வலப்பக்கம் பார்த்துக்கொண்டிருக்கலாம். தயவுசெய்து தேடிப் பாருங்கள்.